சாட்சிக்கு ஒரு பாவம் தேவை

என் கணவர் கிறிஸ்தவராகப் போவதாகச் சொன்னபோது நான் ஒரு சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தேன். "சரி, போயிட்டு வாங்க" என்றேன், கடைக்குக் கிளம்புகிறவரிடம் சொல்வதைப் போல. சில ஞாயிறு போனால் அலுத்துவிடும் என்று நினைத்தேன். அலுக்கவில்லை. ஞானஸ்நானத்துக்கு நாளும் குறித்தாயிற்று. அதற்கான வெள்ளை அங்கியைத் தைக்கும் வேலையும் தையல்காரியான என் தலையில்தான் விழுந்தது.

அவருக்குப் பூட்டு ரிப்பேர் தொழில். தெருவுக்கே அவர் சாவிக்காரர். எந்த வீட்டுக் கதவையும் திறக்கத் தெரிந்த மனிதர், யார் வீட்டிலும் ஒரு குண்டூசியைக்கூடத் தொட்டதில்லை. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. கோபம் வந்தால் ஒரு பழைய பூட்டை எடுத்து எண்ணெய் போட உட்கார்ந்துவிடுவார். கடைசியில் அந்த நல்ல குணமே வில்லங்கமாகிவிட்டது.

அவர் போய்வந்த சபையில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் எல்லோர் எதிரிலும் நின்று, தாம் முன்பு எப்படிக் கெட்டுக் கிடந்தோம், ஆண்டவர் எப்படித் திருத்தினார் என்று சாட்சி சொல்ல வேண்டும். போன முறை ஒரு லாரி டிரைவர் சொன்ன சாட்சியில் அடிதடி, ஜெயில், போலீஸ் துரத்தல் எல்லாம் வந்ததாம். ஜனங்கள் தேம்பித் தேம்பி அழுதார்களாம். அதைக் கேட்டுவிட்டு வந்ததிலிருந்து இவருக்குத் தூக்கம் போய்விட்டது.

குளியலறைக் கண்ணாடி முன்னால் ஒத்திகை நடக்கும். "நான் ஒரு பெரிய பாவி" என்று கம்பீரமாக ஆரம்பிப்பார். அதோடு வண்டி நின்றுவிடும்.

"உனக்கு ஏதாச்சும் ஞாபகம் இருக்கா?" என்று ஒருநாள் என்னிடமே வந்தார்.

"எது?"

"நான் பண்ண பாவம்."

"போன வாரம் பாலை அடுப்புல வச்சிட்டுப் பொங்க விட்டீங்க."

"அதையெல்லாம் சபையில சொல்ல முடியுமா? டிரைவர் சிரிப்பாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஈரத் துண்டைக் கட்டிலில் போடாதீர்கள், சாப்பிடும்போது பேசாதீர்கள் என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தி இந்த ஆளை இந்த அளவுக்குக் கொண்டுவந்தது நான். திருத்தின பேர் மட்டும் ஆண்டவருக்குப் போகிறதா? அதைவிடப் பெரிய கவலை வேறு. தண்ணீரிலிருந்து எழும்போது புது மனுஷனாக எழுவார் என்று பாஸ்டர் சொல்லியிருந்தார். புது மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? எனக்குப் பழைய ஆளே போதும்.

ஆனாலும் அங்கியைத் தைத்தேன். தண்ணீரில் இறங்கினால் துணி குடையாக விரிந்து மேலே வந்து மானத்தை வாங்கிவிடும். கீழ் மடிப்புக்குள் ஏதாவது கனம் வைக்க வேண்டும். அவர் டப்பாவில், எந்தப் பூட்டுக்கும் சேராமல் கிடந்த சாவிகளை அள்ளி உள்ளே வைத்துத் தைத்துவிட்டேன். போட்டுக்கொண்டு நடந்தால் கிலுகிலு என்று சத்தம் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிறு நானும் போனேன். மெத்தைக் கடைக்கு மேல்மாடியில் சபை. மேடைக்குப் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. வாசலை ஒட்டிய கடைசி நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தேன்.

அவர் அங்கியோடு கிலுகிலுத்துக்கொண்டே மேடையேறினார். தொண்டையைச் செருமினார்.

"நான் ஒரு மொடாக்குடிகாரன்" என்றார்.

"ஸ்தோத்திரம்!" என்று லாரி டிரைவர் முன்வரிசையிலிருந்து குரல் கொடுத்தார். சபையே நிமிர்ந்து உட்கார்ந்தது. இவருக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது.

"தினமும் குடிச்சிட்டு வந்து என் மனைவியை அடிப்பேன்!"

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. அடுத்த நாற்காலியிலிருந்த அம்மாள் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கையை உதறிக்கொண்டு எழுந்தேன்.

"யாரு யாரை அடிச்சது? இருமல் மருந்து ஒரு மூடி குடிச்சாலே சுவரைப் பிடிச்சிட்டு நடக்கிற ஆளு, இவரு குடிச்சாராம்! என்னை அடிச்சிருந்தா இந்நேரம் இங்க நின்னு பேசிட்டிருப்பாரா? பாஸ்டர், இவரு ஒரு பாவமும் பண்ணல. நான் சாட்சி!"

டிரைவர்தான் முதலில் சிரித்தார். பாஸ்டர் சிரிக்கவில்லை.

"பிரதர், பொய் சொல்லிட்டுத் தண்ணியில இறங்க முடியாது. உண்மையா ஒண்ணு இருந்தா சொல்லுங்க. இல்லேன்னா இன்னைக்கு வேண்டாம்."

அவர் சபையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"உனக்கு ஆபரேஷன் நடந்தப்போ, கதவுகிட்டயே உட்கார்ந்திருந்தேன்னு சொன்னேன்ல? உட்காரல. உன்னை உள்ள தள்ளிட்டுப் போனதும் பயந்து ஓடிட்டேன். எங்க போறேன்னே தெரியாம நடந்து, இந்த மாடிப்படி ஏறிட்டேன். இங்க யாருமில்ல. யாரைக் கும்பிடறதுன்னுகூடத் தெரியல. 'அவ இல்லாம எனக்கு ஒண்ணுமே தெரியாது, அவளை விட்டுடு'ன்னு அழுதேன். நீ கண்ணு முழிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் திரும்பி வந்தேன். இத்தனை நாளா உன்கிட்ட பொய் சொல்லிட்டிருக்கேன்."

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. அளவு கொடுக்க வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும், "எங்க வீட்டுக்காரர் அந்தக் கதவை விட்டு நகரவே இல்லை" என்று பெருமையடித்தவள் நான். கோபமும் அழுகையும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வந்தன. பழைய ஆளே போதும் என்றிருந்தேனே, அந்தப் பழைய ஆளையே எனக்கு முழுதாகத் தெரிந்திருக்கவில்லை. ஓடிப்போன இடத்திலும் எனக்காகத்தான் அழுதிருக்கிறார். அதுவும் தெரியாது.

"அம்மா, நீங்க சொல்லுங்க" என்றார் பாஸ்டர். "இவரை இறக்கலாமா?"

அவர் தொட்டிக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றிருந்தார். ஆனாலும் சாவிகள் கிலுகிலு என்றன.

கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"இறக்குங்க பாஸ்டர். ஆனா முக்கும்போது, மத்தவங்களைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் உள்ளயே பிடிச்சு வைங்க."