மங்கலாக விட்ட தரை

"கண்ணாடி மாதிரி இருக்கணும்." வீடு கட்டுகிறவரானாலும் கடை போடுகிறவரானாலும் என்னிடம் சொல்கிற முதல் வார்த்தை இதுதான். கான்கிரீட் தரையை மெஷின் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவது என் தொழில். கண்ணாடி வேண்டுமானால் கண்ணாடிக் கடைக்குப் போங்களேன் என்று எனக்கு வாய் வரைக்கும் வரும். பாதி நேரம் வெளியேயும் வந்துவிடும். அதனால் வேலை வருகிற அளவுக்கு எனக்குத் திட்டும் வரும்.

இதில் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. முதலில் சொரசொரப்பான கல்லை மெஷினில் மாட்டி ஓட்டுவோம். பிறகு அதைவிட நைசான கல், அதற்குப் பிறகு இன்னும் நைசு. கல் மாற மாறப் பளபளப்பு ஏறும். எந்தக் கல்லோடு நிறுத்துவது என்பதுதான் வேலையே. நகைக்கடையா, முகம் தெரிகிற வரைக்கும் ஓட்டலாம். தண்ணீரும் சோப்பும் சிந்துகிற இடமா, பாதியில் நிறுத்தியே ஆகவேண்டும். இதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? ஒரு அழகு நிலையத்துக்காரி கேட்டுக்கொண்டாள், சரி என்று தலையை ஆட்டினாள், ஒரு மாதம் கழித்து போன் பண்ணினாள்.

"உங்க வேலை சுத்த மோசம். தரை வெள்ளை வெள்ளையாத் திட்டு விழுந்து கிடக்கு."

"எதைப் போட்டுக் கழுவினீங்க?"

"பாத்ரூம் கழுவறதுதான். நல்லாக் கறை போகுமேன்னு."

"கக்கூஸ் ஆசிடை ஊத்திட்டு என் வேலை மோசமா? உங்க மூஞ்சில அதை ஊத்திக்குவீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அதோடு அந்த வாடிக்கை போயிற்று. போனால் போகட்டும்.

எங்கள் வீட்டுத் தரையை நான் போட்டது அப்பாவுக்காக. பக்கவாதம் வந்து அவருக்கு இடது கால் இழுத்துக்கொண்டது. நாலு கால் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க முடியும். வீட்டிலோ பழைய டைல்ஸ். ஒன்று தூக்கிக்கொண்டு நிற்கும், ஒன்று உள்வாங்கிக் கிடக்கும், அறைக்கு அறை ஒரு படி வேறு. சட்டத்தின் கால் எதிலாவது இடித்துக்கொள்ளும். இரண்டு தடவை தடுமாறினவர் பிறகு கட்டிலை விட்டே இறங்கவில்லை. "விழுந்துடுவேம்மா" என்பார். பேச்சுக்குப் பேச்சு சிரிக்க வைக்கிற மனிதர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

டைல்ஸை எல்லாம் பெயர்த்துப் போட்டேன். படிகளை உடைத்தேன். வாசலிலிருந்து குளியலறை வரைக்கும் இணைப்பே இல்லாமல் ஒரே மட்டமாகக் கான்கிரீட் கொட்டி, நன்றாக இறுகவிட்டு, நானே மெஷின் ஓட்டினேன். பாதிக் கல்லோடு நிறுத்தினேன். தரை சாம்பல் நிறத்தில், பளபளப்பே இல்லாமல், காலை வைத்தால் பிடித்துக்கொள்கிற மாதிரி இருந்தது. என் தொழிலில் அதைவிட நல்ல தரை நான் போட்டதில்லை.

அம்மாவுக்கு மனசே ஆறவில்லை.

"ஊருக்கெல்லாம் கண்ணாடி கண்ணாடியாப் போட்டுக் குடுக்கறே. பெத்தவங்களுக்கு மட்டும் இப்படிச் செத்த கலரா?"

"அம்மா, அது அப்பா நடக்கற தரை. மங்கலாத்தான் இருக்கணும்."

"வர்றவங்க பாத்தா, தரை போட்டவன் பாதியில விட்டுட்டு ஓடிட்டான்னு இல்ல நினைப்பாங்க?"

"நினைக்கட்டும். அவங்களா வந்து அப்பாவைத் தூக்கப் போறாங்க?"

எல்லா வாடிக்கையாளருக்கும் எடுக்கிற பாடத்தை அம்மாவுக்கும் எடுத்தேன். தினம் காய்ந்த துடைப்பானால் தூசி தள்ளு. வாரத்துக்கு ஒரு தடவை மிதமான சோப்புத் தண்ணீர். ஆசிட் கூடாது, எலுமிச்சை கூடாது, வினிகர் கூடாது, சோடாப்பொடி கூடாது. "சரிடி வாத்தியாரம்மா" என்றாள். கூடாததெல்லாம் சொன்னேன் என்றுதான் நினைத்தேன்.

அப்பா நடக்க ஆரம்பித்தார். முதலில் கட்டிலிலிருந்து ஜன்னல் வரை. பிறகு சமையலறை வாசல் வரை. அங்கே நின்றுகொண்டு, "என்னம்மா, வாசனையே வரலையே, அடுப்பைப் பத்த வெச்சியா?" என்று அம்மாவை வம்புக்கு இழுப்பார். "இந்த வாய்க்குத்தான் ஆண்டவன் காலை முடக்கினான்" என்று அம்மா கரண்டியோடு வருவாள். "என் பொண்ணு எனக்கு விமானம் இறங்கற பாதை போட்டுக் குடுத்திருக்கா, இனிமே என்னைப் பிடிக்க முடியாது" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லுவார். தாமே எழுந்து குளிக்கப் போனார். ஒரு மனிதனுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று எனக்கு இருந்தது.

நாளாக ஆக, அப்பா நடக்கிற பாதை மட்டும் லேசாக மினுமினுக்க ஆரம்பித்தது. நான் காலையில் வேலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவேன், வந்து பார்ப்பேன். நல்ல கான்கிரீட் கால் பட்டுப் பட்டே மெருகேறும். என் வேலையின் தரம் என்று எனக்குக் கர்வம்தான் வந்தது. குனிந்து தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அப்பா விழுந்தது ஒரு காலைப்பொழுதில். நான் ஒரு மருந்துக் கம்பெனிக் கிடங்கில் காதை அடைத்துக்கொண்டு மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். அம்மா அடித்த போன் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. கடைசியில் தம்பி ஆள் அனுப்பித்தான் தெரிந்தது. குளிக்கப் போகும்போது சட்டம் சறுக்கி, ஆள் ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம். இடுப்பு எலும்பு போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் அப்பா முதலில் சொன்னது, "உன் தரை மேல தப்பில்லம்மா. இந்தக் காலுதான் எனக்குத் துரோகி." அந்த வலியிலும் எனக்குச் சமாதானம் சொல்ல அவருக்குத் தோன்றியிருக்கிறது.

அவருக்கு மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். வந்தவள் துணி எடுக்கவில்லை, நேராகக் குளியலறைப் பக்கம் போய் மண்டி போட்டேன். உள்ளங்கையைத் தரையில் வைத்து அழுத்தினேன். கை வழுக்கிக்கொண்டு போயிற்று. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அழுத்தித் துடைத்தேன். தாள் மஞ்சளாக வந்தது. மோந்து பார்த்தேன். அம்மா தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்.

கட்டிலுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தேன். அங்கே தரை நான் விட்ட மாதிரியே சொரசொரவென்று இருந்தது. சுவர் ஓரமும் அப்படியே. அப்பா நடக்கிற பாதை மட்டும்தான் எண்ணெய். சமையலறை மூலையில், ஒரு டப்பாவில், எண்ணெயில் ஊறின பழைய துணி மடித்து வைத்திருந்தது. அம்மா பிறந்த வீட்டில் சிவப்பு சிமெண்ட் தரை. அதற்கு எண்ணெய் தேய்த்துத்தான் மினுக்குவார்கள் என்று அவளே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அந்தத் தரைக்குச் சரி. மகள் போட்ட தரை நாலு பேர் கண்ணுக்கு நன்றாக இருக்கட்டும் என்று, நான் வேலைக்குப் போனதும், அப்பாவின் சட்டம் உரசி எங்கே மங்கியதோ அங்கே பார்த்துப் பார்த்துத் தேய்த்திருக்கிறாள். கான்கிரீட்டுக்கு எண்ணெய் தேய்ப்பார் யாராவது உண்டா? எந்த வாடிக்கையாளரும் செய்யாத ஒன்றை நான் எப்படிக் கூடாது என்று சொல்லியிருப்பேன்?

வெந்நீர் போட்டு, சோப்பைக் கொட்டி, கை தோல் உரிகிற வரைக்கும் தரையைத் தேய்த்துக் கழுவினேன். அந்தத் துணியைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். பிறகு துணிமணி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அம்மா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். "எப்படிடி விழுந்தார்? நல்லாத்தானே நடந்துக்கிட்டிருந்தார்? எப்படிடி?" என்று என் கையைப் பிடித்து உலுக்கினாள். வாயில் வந்ததைக் கொட்டிவிடுகிற ஜென்மம் நான். அன்றைக்கு மட்டும் யோசித்தேன். இவளிடம் இதைச் சொன்னால் இவளும் போய்விடுவாள் என்று தோன்றியது.

"நான்தாம்மா. ஒரு கல்லு அதிகமா ஓட்டிட்டேன். வழவழப்பு கூடிப்போச்சு."

அம்மா என் கையை விட்டாள். மறுபடி பிடிக்கவே இல்லை.

அப்பா பிழைக்கவில்லை. இடுப்புக்கு ஆபரேஷன் பண்ணினார்கள். படுத்த படுக்கையில் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. ஒரு மத்தியானம், டாக்டரிடம் ஏதோ கேலி சொல்ல ஆரம்பித்தவர் பாதியில் மூச்சு வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் கேலி என்னவென்று இன்றுவரைக்கும் யாருக்கும் தெரியாது.

பிறகு வீட்டுக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் அம்மாவுக்கு ஒரே பேச்சு. "மங்கலா இருக்கணும் மங்கலா இருக்கணும்னு எனக்கு உபதேசம் பண்ணினா. கடைசியில இவளே வழவழன்னு தேய்ச்சு வெச்சு அவரைக் கொண்டுபோயிட்டா." நான் அங்கேயே நின்றுகொண்டிருப்பேன். தம்பி அதற்கு மேல். "ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கறியேக்கா, உனக்குத் தெரியாதது உண்டா? சொந்த அப்பாவுக்கு ஒழுங்கா ஒரு தரை போடத் தெரியலையே." அவனை நாலு வாங்கு வாங்க நாக்கு துடிக்கும். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்பேன். எனக்கும்தான் அப்பா போயிருந்தார். அதைச் சொல்லி அழ எனக்கு அந்த வீட்டில் ஓர் ஆள் இல்லை.

வீடு முழுக்க ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டேன். அம்மா விரிப்பை விட்டுக் காலைக் கீழே வைக்கமாட்டாள். என்னோடு பேசுவதையும் நிறுத்திவிட்டாள். சாப்பாட்டை வைத்தால் நான் நகர்ந்த பிறகுதான் சாப்பிடுவாள். இதைப் பொறுத்துக்கொள்ளலாம், நெஞ்சு வெடித்தாலும் பொறுத்துக்கொள்ளலாம், அவளுக்கு அது தெரியாமல் இருந்தால் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

தம்பி மனைவி நிறைமாதம். "அம்மாவை நான் கூட்டிக்கிட்டுப் போறேன். அவளுக்கும் துணை ஆச்சு, அம்மாவும் இந்த வீட்டைப் பார்க்க வேணாம்" என்றான் தம்பி. நல்லது என்றேன். அவன் கார் கொண்டுவந்த காலையில் அம்மாவின் துணிகளை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பைக்குள் ஒரு பெரிய எண்ணெய் பாட்டில் இருந்தது. அப்போதுதான் கடையில் வாங்கினது, மூடிகூடப் பிரிக்கவில்லை.

"தலைக்கு இவ்வளவா?" என்றேன்.

எத்தனையோ நாளைக்குப் பிறகு என்னிடம் வாயைத் திறந்தாள். "தலைக்கு இல்ல. தரைக்கு. அவன் வீட்டு டைல்ஸ் சோபை இல்லாமக் கிடக்கு. குழந்தை வரப்போற வீடு, பளிச்சுனு இருக்க வேணாமா? இங்கயும்தான் தினம் தேய்ச்சேன். நீ போட்ட தரைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்ல."

"டைல்ஸுக்கு எண்ணெ ஆகாதும்மா, கறை பிடிச்சிடும்."

"பிடிச்சா சோப்புப் போட்டுத் துடைச்சுக்கறேன்."

"மாசமா இருக்கறவளுக்கு எண்ணெ வாசம் குமட்டும்."

"அவ தூங்கும்போது தேய்ச்சுட்டாப் போச்சு."

பாட்டிலைப் பையிலிருந்து எடுத்து என் பின்னால் மறைத்துக்கொண்டேன். "வேணாம்மா. சொன்னாக் கேளு. இதை எடுத்துக்கிட்டுப் போகாதே."

"ஒரு எண்ணெ பாட்டிலுக்கு ஏன்டி இப்படிப் பறக்கறே? நீயா காசு குடுத்து வாங்கினே?" என்று கையை நீட்டினாள்.

"வழுக்கும்மா! புள்ளத்தாச்சி நடமாடற வீடு!"

அவள் நீட்டின கை அப்படியே நின்றது.

"டைல்ஸ்ல வழுக்குமா?"

"ஆமா."

"டைல்ஸ்ல மட்டும்தானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கவேண்டும். ஆயுசு முழுக்க எனக்கு முன்னால் ஓடின வாய், அந்த ஒரு வார்த்தைக்கு எழுந்திருக்கவில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு காலால் விரிப்பின் ஓரத்தை ஒதுக்கிவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

"ஒரு கல்லு அதிகமா ஓட்டினேன்னு சொன்னியே."

நான் விரிப்பைக் காலால் தள்ளித் தரையை மறுபடி மூடப் பார்த்தேன்.

"ஓட்டினியா, இல்லியா?"

"இல்லம்மா."

"அன்னிக்குக் காலைலயும் தேய்ச்சேன்டி" என்றாள். "குளிக்கற ரூம் வாசல்ல ரொம்ப மங்கலா இருந்துச்சு. அதனால அங்க கொஞ்சம் கூடவே தேய்ச்சேன்." சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சரிந்து உட்கார்ந்தாள். நான் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பிடித்தேன். உடம்பு ஜில்லென்று இருந்தது.

தம்பி உள்ளே எட்டிப் பார்த்தான். "என்னம்மா, கிளம்பலாமா? என்ன ஆச்சு?"

"நீ போப்பா. நான் வரல" என்றாள். அவன் என்னை முறைத்துவிட்டு, "மறுபடி என்னக்கா சொன்னே அவங்களை?" என்று கேட்டான். ஒன்றுமில்லை, நீ போ என்று கையைக் காட்டினேன். அவன் போன் பேசிக்கொண்டே வெளியே போனான்.

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"சொல்லாமலே இருந்திருக்கலாமேடி. உன்னை வெறுத்துக்கிட்டாவது மிச்ச நாளை ஓட்டியிருப்பேனே."