பங்காரு துணியகம்

"எங்கம்மா பேர சொல்லி உன்ன எப்பிடி கூப்புட்றது? கோவத்துல ரெண்டு வார்த்த திட்டுனாக்கூட அம்மாவ திட்னா மாதிரி ஆயிடும். சுஜாதான்னு வெச்சிக்கலாமா?"

"ஆங்."

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், கல்யாணத்துக்கு மறுநாள் காலையில், வேதாசலம் கேட்டதும் அவள் சொன்னதும் அவ்வளவுதான். மாமியார் பேரும் பங்காரு, வந்த மருமகள் பேரும் பங்காரு. அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்குள் அவள் சுஜாதா ஆகிவிட்டாள். நல்ல பேர்தான். அவனும் ஆசையாகத்தான் கூப்பிட்டான். ஆனால் இன்றைக்கும் கடைத்தெருவில் அவன் "சுஜா" என்றால் அவள் உடனே திரும்புவதில்லை. "காதுல இன்னா பஞ்சா?" என்று சிரிப்பான். தன் சொந்தப் பேரை அவன் வாயால் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்ற ஆசை அப்போதெல்லாம் தொண்டைவரை வரும். வீட்டுக்கு வந்ததும் அவன் ஓட்டும் விசைத்தறியின் சத்தத்தில் அது திரும்பிப் போய்விடும்.

காவடி எடுப்பவர்களுக்கு மஞ்சள் துணி தைப்பது அவள் வேலை. மலையடிவாரத்தில் ஒரு கடைக்குப் பத்து வருஷம் தைத்துக் கொடுத்தாள். அவர்கள் தங்கள் லேபிளை ஒட்டி விற்றார்கள். இந்த ஆடிக் கிருத்திகைக்குத் தன் லேபிள்தான் என்று இரண்டு மெஷின் வாங்கிப் போட்டிருந்தாள். வேதாசலமே போய்த் தொழில் பதிவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். அது திரும்பி வந்துவிட்டது. அதனால் இன்று அவளே கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனாள்.

"அண்ணன் சுஜாதான்னு எழுதிகிறாரு. ஆதார்ல பங்காருன்னு இருக்குது," என்றான் திலீப், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "யாருக்கா அது?"

"நான்தான்."

"உங்க மாமியார்னு இல்ல நெனச்சேன்!"

"அவங்களும்தான். இது நானு."

அவன் அழித்து அடித்தான். "கடைப் பேரு சுஜாதா டெக்ஸ்டைல்ஸ். இத மாத்தத் தேவையில்ல, இன்னா பேரு வேணா வைக்கலாம்."

ஆங் என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை முடிந்துவிடும். அந்த வார்த்தையைத்தான் பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருந்தாள். முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டாள்.

"மாத்து திலீப்பு. பங்காரு துணியகம்."

போனுக்கு வந்த ஓ.டி.பி.யின் ஆறு எண்களையும் கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தாள். பிரிண்டரிலிருந்து வந்த சான்றிதழ் வெதுவெதுப்பாக இருந்தது. லேமினேஷன் போட்டு, ஷேர் ஆட்டோவில் மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டாள். எதிரே உட்கார்ந்திருந்த மொட்டைத்தலைக் குடும்பம் அதைப் படித்துக்கொண்டே வந்தது. படிக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள்.

வேதாசலம் தறியை நிறுத்திவிட்டு வாங்கிப் பார்த்தான். அவன் முகம் மாறியது. "இன்னா, எங்கம்மா பேர்ல கடைய போட்டுகினு வந்துட்ட?"

மூலையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த மாமியார் நிமிர்ந்தாள். "என் பேரா? நான் எங்கியும் கையெழுத்து போடலியே!"

"உங்க பேரு இல்ல அத்த. என் பேரு."

மாமியார் மருமகளையே பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஆமா இல்ல! உனுக்கும் அதான பேரு. நானே மறந்துட்டேன் பாரு." மகனிடம் திரும்பினாள். "போர்டு பெருசா எழுதச் சொல்லுடா. ரெண்டு பேரு இருக்கறோம்."

வேதாசலம் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் விரலில் இருந்த பஞ்சு அதில் ஒட்டியது, வேட்டியால் துடைத்தான். தறியின் சுவிட்சுக்குக் கை நீட்டினான். அதற்கு முன்பே அவள் கை அதை மூடியிருந்தது. அத்தனை சத்தம் போடும் அந்த அறையில் இப்போது மாமியாரின் மூச்சுகூடக் கேட்டது.

"பாவா, ஒரே ஒரு தடவ என் பேரச் சொல்லிக் கூப்புடுங்க."