வெள்ளையடித்த கூரை

எங்கள் கூரை எப்போது போனது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மகளின் சாப்பாட்டுத் தட்டில் உள்ளங்கை அகலத்துக்குக் காரை விழுந்த அன்று. பெயர்ந்த இடத்தில் கம்பி துருப்பிடித்து உப்பியிருந்தது. விரலால் தொட்டால் செதில் செதிலாக உரிந்தது. ஒழுகினால் அடைக்கலாம். கம்பியே உரிந்தால் கூரையை மாற்ற வேண்டியதுதான். இது தெரியப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம்.

யாரிடம் சொல்வது? வீடு என் கணவரின் அண்ணனுடையது. கீழே அவர் குடும்பம். மேலே ஓர் அறையும் சமையல்கட்டுமாக நாங்கள். இவருக்கு வேலை போனபோது, "வாடகையெல்லாம் வேணாம், இருந்துக்கோ" என்று கொடுத்த இடம். கூரை போச்சு என்றால் இடிப்பார். இடித்தால் எங்கே போவது? அதனால் இவர் நாலு வருஷமாகப் பூசினார், பட்டி பார்த்தார், வெள்ளையடித்தார். வேலை தேடுவதில் காட்டாத அக்கறையை அந்தக் கூரையில் காட்டினார். அண்ணன் மேலே வரும்போதெல்லாம், "வீட்டைப் பளிச்சுனு வெச்சிருக்கம்மா" என்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு கொத்தனாரோடு வந்தார். கீழ் வீட்டுக்குத் தண்ணீர் போதவில்லையாம். எங்கள் தலைக்கு மேல் இரண்டாயிரம் லிட்டர் தொட்டி வைக்கப் போகிறாராம்.

கொத்தனார் அண்ணாந்து பார்த்தார். "நட்டநடுவுல வைக்கலாம் சார். சீலிங் சூப்பரா இருக்கு."

நட்டநடுவுக்கு நேர் கீழேதான் மகளின் கட்டில். அதில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நான் இவரைப் பார்த்தேன். இவர் ஜன்னலைப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாப்பா, எந்திரிச்சு இந்தப் பக்கம் வா."

ஒட்டடைக் குச்சியைத் திருப்பிப் பிடித்துக் கூரையைத் தட்டினேன். வாசல்படிக்கு மேலே மட்டும் கெட்டியாகக் கேட்டது. மற்ற இடமெல்லாம் பொத் பொத்தென்றது. நடுவில் ஓங்கி ஒரு குத்து. பூச்சும் பட்டியும் வெள்ளையுமாக ஒரு பெரிய பாளம் கட்டிலில் விழுந்தது. நோட்டு புழுதியில் மறைந்தது.

கொத்தனார் கம்பியை உற்றுப் பார்த்தார். "இது ஒட்டுற கேஸ் இல்லைங்க. தளத்தையே மாத்தணும்."

"மன்னிச்சிடுங்க மாமா, மறைச்சிட்டோம்" என்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாதி பயம், பாதி நிம்மதி. போ என்று சொல்லட்டும், எங்காவது போய்த் தொலையலாம் என்றுகூட இருந்தது.

அண்ணன் பாளத்தைத் தூக்கி ஓரமாக வைத்தார்.

"இதுக்கு எதுக்கும்மா அழுவுற? எனக்குத் தெரியாதா? நீங்க வர்றதுக்கு முன்னாடியே காரை விழுந்துச்சு. நல்லா இருந்திருந்தா வெளியாளுக்கு வாடகைக்கு விட்டிருக்க மாட்டேனா? நாலு வருஷமா உங்களுக்கு ஒண்ணும் ஆகலையேன்னுதான் தொட்டி வைக்கலாம்னு பார்த்தேன். சரி விடு, அதைப் பின்பக்கம் தரையிலேயே வெச்சுக்கலாம். நீங்க பாட்டுக்கு இருங்க."

"சரிண்ணா" என்றார் என் கணவர். அவர்கள் வந்ததிலிருந்து அவர் வாயைத் திறந்தது அப்போதுதான்.

அண்ணனும் கொத்தனாரும் பேசிக்கொண்டே கீழே இறங்கினார்கள். மகள் நோட்டை எடுத்து உதறினாள்.

"அம்மா, இப்ப கட்டில்ல ஏறலாமா?"

அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டேன். கட்டிலை நகர்த்திப் போட அந்த அறையில் வேறு இடம் இல்லை.