தலைவர் உடுத்திவிட்ட சேலை

எங்கள் கோயில் தலைவர் இராமையாவுக்குப் பக்தி கொஞ்சம் கூடுதல். கந்தப்பளையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் புதுக் கோபுரம் எழும்பியது. அதில் ஆணும் பெண்ணும் அம்மணமாகத் தழுவி நிற்கும் சிலை ஒன்று உண்டு. அதைச் செல்போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அசிங்கம் என்று அவர்தான் கண்டுபிடித்தார். அதுவரை எங்கள் கண்ணில் அது பட்டதே இல்லை.

தமிழ்நாட்டிலிருந்து வந்த சிற்பி பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். அது ஜீவனும் தெய்வமும் ஒன்றாவதாம். ஆசையோடு வருகிறவன் அதை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போகவேண்டுமாம். எங்கள் தலைவர் இன்னும் வாசலைத் தாண்டவில்லை, பாவம்.

சிற்பி ஊருக்குப் போனதும், தலைவர் வர்ணம் பூசும் வினோஜனை ஏற்றி இரண்டுக்கும் துணி போடச் சொன்னார். அந்த மடையன் மிச்சம் கிடந்த வர்ணத்தைக் குழைத்து, ஆணுக்குக் காக்கிக் காற்சட்டையும் பெண்ணுக்கு மஞ்சள் கரை வைத்த ஊதாச் சேலையும் போட்டுவிட்டு இறங்கினான். எங்கள் தோட்டத்தில் காக்கிக் காற்சட்டை போடுகிறவர் கணக்கப்பிள்ளை கஜேந்திரன் மட்டும். அந்தச் சேலை வைத்திருப்பவள் நான் மட்டும். நானோ புருஷனை இழந்தவள். போதாதா? மறுநாள் காலை, வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில் கணக்கப்பிள்ளை "நாகலெட்சுமி" என்று என் பேரைக் கூப்பிட்டதும் களமே சிரித்தது.

அதோடு போயிருந்தால் தூ என்று துப்பிவிட்டுக் கொழுந்தெடுக்கப் போயிருப்பேன். மகள் லோஜினி டிக்கோயா ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடிக் கிடந்தபோது, கும்பாபிஷேகத்துக்குப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்திருந்தேன். பேர் கெட்டவள் குடம் தொடக்கூடாது என்று தலைவர் சொல்லியனுப்பினார்.

கோயில் கூட்டத்துக்கு அதே ஊதாச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன்.

"அம்மணமா இருந்தவரைக்கும் அது சாமிங்க, தலைவரே. நீங்க துணி போட்டீங்க, நானாயிருச்சு. நீங்களே ஏறிக் கழட்டுங்க. இல்லாட்டி எனக்குச் சேலை உடுத்திவிட்டது தலைவர்தான்னு கும்பாபிஷேகத்தன்னைக்கு மைக்குல சொல்லுவேன்."

முன்வரிசையில் இருந்த அவர் மனைவி காளியாயி மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தார்.

மறுநாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வர்ணம் கரைக்கும் தின்னர் போத்தலோடு தலைவரே கோபுரத்தில் ஏறினார். தோட்டமே கீழே நின்று பார்த்தது. நான் என் குடத்துக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தேன். அந்தச் சேலையை உரிக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது.