முன்பல் இடைவெளி

கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் கை நடுங்கும். எனக்கு நடுங்காது. இந்தத் தொழிலில் எனக்கு வாய்த்த ஒரே வரம் அதுதான். பல் கிளினிக்கின் பின்னறையில் ஸ்பிரிட் விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து, இருபத்து மூன்று வருஷமாகப் பல் செட் செய்கிறேன். அப்படிப்பட்ட என்னிடம் வந்து சின்ன டாக்டர் கேட்கிறார்:

“ஒரு செட்டுக்கு ஒரு வாரம் எடுத்துக்கறீங்க. இதுல என்னக்கா அர்த்தம்? புது மெஷின்ல ஆறு மாடல் இருக்கு. ஒண்ணைத் தட்டினா ரெண்டு மணி நேரத்துல செட் கையில. வாய்க்குள்ள இருக்கறதை யாரு உத்துப் பாக்கறா?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அர்த்தமாம்! நேற்று வரைக்கும் அப்பா பெரிய டாக்டருக்குப் பின்னால் ஒளிந்து நின்ற பிள்ளை! நான் யார் வந்தாலும் அவர்கள் சிரித்தபடி எடுத்த பழைய போட்டோ ஒன்றைக் கேட்டு வாங்குவேன். அதில் உள்ள சாய்வு, மூளி, ஒன்று விடாமல் மெழுகில் கொண்டுவருவேன். அதைக் கலை என்று சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது.

“அடுத்து வர்றவங்களுக்கு ரெண்டு செட்டும் காட்டுவோம். உங்களுது பிடிச்சா நீங்க உங்க பாட்டுக்குச் செய்ங்க. மெஷினோடது பிடிச்சா, இனிமே வாய் அச்சு எடுத்துக் குடுக்கறது மட்டும்தான் உங்க வேலை. சரியா?”

“பேஷா” என்றேன். கொழுப்புதான்.

அடுத்து வந்தது ஒரு தையல்காரப் பெண். நாற்பது வயதிருக்கும். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து மேல்வரிசைப் பல் மொத்தமும் போயிருந்தது. குண்டூசியைப் பல்லில் கடித்துக்கொள்ள முடியாமல் வேலையே ஓடவில்லை என்று, கையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள். இருபது வயதில் எடுத்த போட்டோ ஒன்றைக் கொடுத்தாள். முன்பல் இரண்டுக்கும் நடுவே தீக்குச்சி நுழையும் அளவுக்கு இடைவெளி. எனக்கு வாயெல்லாம் சிரிப்பு. எந்த மெஷினுக்கு இது வரும்? எட்டு நாள் உட்கார்ந்தேன்.

ஆறு மாடலில் ஒன்று என்று சொல்லிச் சின்ன டாக்டர் நீட்டிய மெஷின் செட்டை முதலில் போட்டுப் பார்த்தாள்.

“இது யாரோ விளம்பரத்துல சிரிக்கற பொண்ணோட பல்லு” என்று கழற்றிவிட்டாள். நான் உள்ளுக்குள் குதித்தேன்.

அடுத்தது என்னுடையது. கண்ணாடியைப் பார்த்தாள். முகம் சுண்டிப்போனது.

“யாரு உங்களை இப்படி வைக்கச் சொன்னது?”

“போட்டோல இருந்ததும்மா. அச்சு அசல் உங்க பல்லு.”

“பள்ளிக்கூடத்துல எனக்குப் பேரே ஜன்னல். அன்னையிலருந்து வாயைப் பொத்திட்டுத்தான் சிரிக்கறேன். பல்லு போச்சேன்னு வீட்ல எல்லாரும் அழுதாங்க. நான் விட்டுது சனின்னு இருந்தேன். அதைத் தேடிப் பிடிச்சுத் திரும்பக் கொண்டாந்து வெச்சிருக்கீங்களே, நல்லா இருப்பீங்களா?”

“எட்டு நாளும்மா! கண்ணு பூத்துப்போக உக்காந்து செஞ்சிருக்கேன்!”

“அந்த எட்டு நாள்ல ஒரு நிமிஷம் என்னைக் கூப்பிட்டுக் கேட்டீங்களா? வாய் என்னுதா, உங்களுதா?”

“பாத்தீங்களாக்கா?” என்றார் சின்ன டாக்டர், இளித்துக்கொண்டு.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். “நீங்க மட்டும் கேட்டுக் கிழிச்சீங்களாக்கும்! ஆறுல ஒண்ணை நீங்களா தட்டிவிட்டுட்டு!”

செட்டைக் கழற்றி வைத்தாள், பையை எடுத்தாள், கிளம்பினாள். நன்றி கெட்டவள், போகட்டும் என்றுதான் சத்தியமாக நினைத்தேன். ஆனால் அவள் கை மறுபடி வாயைப் பொத்தியது. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

“உக்காருங்க” என்றேன். குரலில் கோபம் அப்படியே இருந்தது. “எப்படித்தான் வேணும்? சொல்லித் தொலைங்க.”

கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து முறைத்தாள். நான் விளக்கை ஏற்றிக் கரண்டியைச் சூடாக்கினேன். என் செட் இன்னும் மெழுகில்தான் இருந்தது. வாயில் போட்டுப் பார்த்து, கடி சரியாக இருந்த பிறகுதான் கெட்டிப்படுத்துவது வழக்கம். அவள் மெதுவாக உட்கார்ந்தாள்.

“அந்த ஓட்டையை அடைச்சிடுங்க” என்றாள். பிறகு, “இந்தப் பக்கம் ஒரு தெத்துப்பல் வைக்க முடியுமா?”

“உங்களுக்குத் தெத்துப்பல் இருந்ததே இல்லையே?”

“எங்கம்மாவுக்கு இருந்தது. சிரிச்சா அவ்வளவு அழகு. எனக்கு வரல. சின்ன வயசுல நாக்கால தள்ளித் தள்ளிப் பாத்திருக்கேன்.”

முன்பற்களைச் சேர்த்தேன். கோரைப்பல்லைச் சூட்டுக் கரண்டியால் நெகிழ்த்தி, வெளியே தள்ளினேன்.

“இன்னும் கொஞ்சம்.”

தள்ளினேன்.

“இன்னும்.”

மாட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தாள். பழக்கத்தில் கை மேலே எழுந்தது. பாதி வழியில் நின்றது. அப்புறம் மடியில் இறங்கியது.

“போதும்” என்றாள்.

சின்ன டாக்டர் குனிந்து பார்த்தார். “இது அந்த ஆறுல இல்லையே” என்று முணுமுணுத்து, மெஷின் செட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அச்சு எடுக்கும் வேலையைப் பற்றி அப்புறம் அவர் வாயே திறக்கவில்லை.

ஜெயித்தவள் சந்தோஷப்பட வேண்டாமா? எனக்கோ மறுபடி கோபம் வந்தது. இந்த முறை அவர்மேல் இல்லை. அலமாரியில் இருபத்து மூன்று வருஷத்து அச்சுகள், ஒவ்வொன்றிலும் ஒருவருடைய பெயர். அவர்களில் ஒருவரையாவது, எப்படி வேண்டும் என்று நான் கேட்டதில்லை.