பிரேக் மேடத்துக்கு நாள் தள்ளிப்போன கதை

1

இந்தக் கதை ஒரு கட்டுரையை எழுத முடியாமல் போனதால் பிறந்தது. மன அழுத்தத்தின் அறிகுறிகளையும் கர்ப்பத்தின் ஆரம்ப அறிகுறிகளையும் எப்படிப் பிரித்தறிவது என்று ஒரு மருத்துவ இதழில் கேட்டிருந்தார்கள். நான் மருத்துவன் இல்லை. மருத்துவர்கள் சொல்வதைப் புரிகிற தமிழில் எழுதிக் கொடுத்துப் பிழைப்பவன். தாளின் நடுவே ஒரு கோடு போட்டு இரண்டாகப் பிரித்தேன். இடப்பக்கம் மன அழுத்தம்: களைப்பு, குமட்டல், தலைவலி, எரிச்சல், நாள் தள்ளிப்போவது. வலப்பக்கம் கர்ப்பம். அதை எழுதி முடித்ததும், இடப்பக்கத்தைப் பார்த்து எழுதிவிட்டேனோ என்று சந்தேகம் வந்தது. இல்லை. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். திடீரென்று ஒரு வாசனை பிடிக்காமல் போவது வேண்டுமானால் வலப்பக்கம் கொஞ்சம் சாயுமாம். அதையும் நம்பிவிட முடியாதாம்.

எந்தப் பக்கம் இறங்குவது என்று தெரியாமல் அந்தக் கோட்டின் மேலேயே ஒரு பெண் உட்கார்ந்திருப்பதுபோல் எனக்குத் தோன்றியது. கட்டுரையை ஓரமாக வைத்துவிட்டேன். (இதழ்க்காரர்கள் இதைப் படிக்க நேர்ந்தால்: அடுத்த வாரம் கட்டாயம் தந்துவிடுகிறேன்.)

2

முதல் தொடக்கம்: "அன்று காலை அவள் கண்ணாடி முன்னால் நின்று தன் வயிற்றைத் தடவி—"

வேண்டாம். கதைகளில் வரும் பெண்கள் கண்ணாடி முன்னால் நின்று நின்றே கால் கடுத்துப்போயிருப்பார்கள். இவளுக்கு ஒரு வேலை கொடுப்போம்.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பயிற்சிக் காரில் ஆசிரியரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அதை மிதிக்காமல், ஆனால் எந்த நேரமும் மிதிக்கத் தயாராக, நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதுதான் தொழில். மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பிரேக் மேடம்.*

சமீபத்தில் ஒரு மாணவர் காரை ஒரு மதில்சுவரில் கொண்டுபோய் இடித்துவிட்டார். அவள் மிதித்தாள், ஆனால் ஒரு கணம் பிந்தி. யாருக்கும் அடியில்லை. அன்றிலிருந்து அவள் கால் எதையாவது மிதித்துக்கொண்டே இருக்கிறது. சாப்பாட்டு மேசைக்கு அடியில் தரையை மிதிக்கிறது. தூக்கத்தில் கணவனின் முழங்காலுக்குக் கீழே மிதிக்கிறது.

அவளும் கணவனும் பல வருடமாகக் குழந்தைக்குக் காத்திருக்கிறார்கள். இப்போது நாள் தள்ளிப்போயிருக்கிறது. அவளுக்கு இது முதல் தடவையும் இல்லை. வீடு மாற்றியபோது தள்ளியது, மாமியாரின் அறுவை சிகிச்சையின்போது தள்ளியது. ஒவ்வொரு தடவையும் வெறும் டென்ஷன் என்று முடிந்தது. குளியலறையிலிருந்து அவள் வெளியே வருவதற்குள் கணவன், "என்னாச்சு?" என்று கேட்பான். பாவம், ஆசையில் கேட்பதுதான். 'இல்லை' என்று அவனிடம் சொல்வதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. அதனால் இந்தத் தடவை அவள் அவனிடம் மூச்சுவிடவில்லை.

* அவளுக்கு இந்தப் பெயர் தெரியாது என்று மாணவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

3

அன்றைய மாணவி, மருந்துக்கடை அம்மா, ஓட்டிக்கொண்டிருந்தார். சொந்தக் கடை, ஐம்பது வயது. விட்டால் ஓடிப்போய்விடும் என்பதுபோல ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பார். காலியான சாலையில் கார் சடாரென்று நின்றது.

"முன்னால ஒண்ணும் இல்லையே மேடம். ஏன் பிரேக் போட்டீங்க?"

"ஏதோ குறுக்க வர்ற மாதிரி இருந்துச்சு."

"ஒரு நாய்கூட வரல."

மேடம் கதவைத் திறந்து இறங்கினாள். காருக்குள் தொங்கும் எலுமிச்சை வாசனை அட்டை அவளே வாங்கி மாட்டியது. இன்றைக்கு அது குடலைப் பிரட்டியது. மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். மருந்துக்கடை அம்மா தண்ணீர் பாட்டிலோடு வந்து நின்றார்.

"நாள் தள்ளியிருக்கா?"

"எனக்கு டென்ஷன் வந்தாலே தள்ளும். அந்தச் சுவத்துல இடிச்சதுலேருந்து தூக்கமே இல்ல."

"இருக்கும்."

"இந்த வாசனை ஒத்துக்காம போனதுதான் புதுசு."

"அதுவும் டென்ஷனா இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம். நீங்க சொல்றத வெச்சு நான் எதையும் சொல்லக் கூடாது மேடம். கடைக்கு வாங்க, டெஸ்ட் அட்டை தர்றேன். காலைல எழுந்ததும் பாருங்க. இல்லன்னு காட்டியும் நாள் வரலன்னா, ஒரு வாரம் விட்டு இன்னொரு தடவை பாத்துட்டு டாக்டர்கிட்ட போங்க."

"பாக்காம இருக்கற வரைக்கும் இருக்குன்னு நெனச்சுக்கலாம்ல."

மருந்துக்கடை அம்மா காருக்குள் போய், வாசனை அட்டையைக் கழற்றித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

4

[இங்கே எனக்கு ஓர் அபாரமான யோசனை வந்தது. மருந்துக்கடை அம்மாவுக்குப் பதிலாக ஓர் இளம்பெண். ஒரே காரில் இருவருக்கும் ஒரே குமட்டல். ஒருத்திக்கு டென்ஷன், ஒருத்திக்குக் குழந்தை. எழுதிப் பார்த்தேன், கச்சிதமாகப் பொருந்தியது. அந்தப் பொருத்தமே சந்தேகத்தைக் கிளப்ப, அடித்துவிட்டேன்.]

முடிவு அ: "அட்டையில் முதலில் ஒரு கோடு தெரிந்தது. பிறகு, மெல்ல மெல்ல, இரண்டாவது—"

எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. என் எழுத்தை நினைத்துத்தான்.

முடிவு ஆ: ஒரே கோடு. முகம் கழுவிக்கொண்டு அவள் வேலைக்குக் கிளம்புகிறாள். (இலக்கிய நண்பர்கள் தட்டிக்கொடுப்பார்கள்.)

இரண்டையும் என் மனைவியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"இதுல நீங்க எங்க நிக்கறீங்க?"

"எங்கன்னா?"

"அவ குளியலறைக்குள்ள அட்டையப் பாத்துட்டு நிக்கறா. அவ வீட்டுக்காரரே வெளியதான் நிக்கறாரு. உங்களுக்கு உள்ள என்ன வேலை?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. பேனா என் கையில் இருக்கிறது என்பதற்காக, இன்னொரு கோட்டைப் போடுவதா விடுவதா என்று ரசித்து ரசித்து யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் காத்திருந்த வருடங்களில் ஒரு நாளைக்கூட நான் காத்திருக்கவில்லை.

"வெளிய வாங்க மொதல்ல," என்றாள் மனைவி.

5

வந்துவிட்டேன். இப்போது கதவுக்கு வெளியே நானும் அவள் கணவனும் நிற்கிறோம்.

இவனை நான் இதுவரை சரியாகக் கவனிக்கவே இல்லை. லிஃப்ட் பழுது பார்ப்பவன். வேலைக்குப் போகிற நீலச் சட்டையில் பொத்தான்களை மாற்றிப் போட்டிருக்கிறான். அவனிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நேற்றிரவு காலில் ஒரு மிதிகூட விழவில்லை. அவள் தூங்கவே இல்லை என்று அதை வைத்துத் தெரிந்துகொண்டான். மற்றதையும் ஊகித்துவிட்டான். கதவைத் தட்டக் கையைத் தூக்கினான், பிறகு இறக்கிக்கொண்டான்.

"உள்ளதான் இருக்கியா?"

கேட்ட பிறகுதான் அது எவ்வளவு அசட்டுக் கேள்வி என்று அவனுக்கே உறைத்தது.

"ம்."

"நீ வெளிய வந்ததும் நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். நீயா சொன்னா சொல்லு. சொல்லலன்னாலும் பரவால்ல."

உள்ளே குழாய்ச் சத்தம் நின்றது.

அவள் குரல் எப்படி இருந்தது என்று இங்கே ஒரே ஒரு சொல் போட்டால் போதும், எல்லாம் தெரிந்துவிடும். போடப்போவதில்லை. அவள் பேசினாள், அவ்வளவுதான்.

"கேளுங்க."

தாழ்ப்பாள் விலகியது. நான் படியிறங்கத் தொடங்கிவிட்டேன். நீங்கள் நிற்பதானால் நில்லுங்கள், ஆனால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். பாதிப் படியில் அவன் கேட்பது எனக்குக் காதில் விழுந்தது.

"என்னாச்சு?"