கி.மு. சக்கரம்

மஹேந்தர் டயருக்குள் இருந்த நான்கு காற்றழுத்த சென்சார்களையும் கழற்றி ஒரே டப்பாவில் போட்டுவிட்டான். நான்காவது விழுந்த சத்தத்தில்தான் மேகலா கண் திறந்தாள். டயர்க்கடையின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறாள். ஐந்து மாதமாக இப்படித்தான். உட்கார்ந்த இடத்தில் தூக்கம், படுத்தால் விழிப்பு.

"மஹேந்தர் பையா, எது எந்தச் சக்கரத்துல இருந்துச்சுன்னு குறிச்சீங்களா?"

"குறிக்கணும்னு சொல்லவே இல்லையே மேடம்."

சொல்லவில்லைதான். அவள் கணவர் ஜோதிலிங்கம் இருந்திருந்தால் பக்கத்திலேயே குந்திக்கொண்டு ஒவ்வொரு நட்டுக்கும் குறுக்குக் கேள்வி கேட்டிருப்பார். மாசி மாதம் ஒரு நாள் காலையில், சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வண்டி மட்டும் மிச்சம். தலைநகரில், துவாரகாவிலிருந்து விமான நிலைய ஊழியர்களை ஏற்றிச் செல்லும் வேன். கூலிக்கு வைத்த டிரைவர்கள் மூன்று பேர் மாறிவிட்டார்கள். மூன்றாமவன் மழைப் பள்ளத்தில் இறக்கி இரண்டு ரிம்மை நெளித்துவிட்டுப் போனான். நெளிந்த ரிம்மில் காற்று நிற்காது. ஒப்பந்தக்காரர், நான்கு சக்கரமும் புதிதாக வேண்டும், டயருக்குள் இருக்கும் சென்சாரும் வேலை செய்ய வேண்டும், இன்று நாலு மணிக்குள் காட்டு, இல்லாவிட்டால் ரூட் வேறு வண்டிக்கு என்று சொல்லிவிட்டார். ஒரு டயரில் காற்றை இறக்கிப் பார்ப்பார்களாம். டாஷ்போர்டில் இருக்கும் சின்னப் பெட்டியில் அதே இடத்து எண் குறைய வேண்டும். இடம் மாறினால் வண்டி வெளியே.

"பெட்டியில இடத்தை மாத்திக்க முடியாதா?" என்றாள் ஷ்ரேயா. மகள், கல்லூரி இரண்டாம் வருஷம். போனிலிருந்து தலையைத் தூக்கியதே பெரிது.

"செட்டிங் பட்டன் உள்ள போயிருச்சு. பாருங்க, அமுங்கவே மாட்டேங்குது" என்றான் மஹேந்தர். "தப்பாப் போட்டுட்டா நாலு சக்கரத்தையும் மறுபடி கழட்டி மாத்தணும், பின்னால வரிசையா வண்டி நிக்குது. இன்னிக்கு ஆகாது."

மணி ஒன்றே முக்கால்.

அவன் ஒரு சென்சாரைத் துடைத்தான். பின்பக்கம் டேப்புக்கு அடியில் பேனாவால் ஏதோ எழுதியிருந்தது. "மேடம், இது எழுத்தா, எறும்பா?"

மேகலா வாங்கிப் பார்த்தாள். அவருடைய கையெழுத்து, வலது பக்கம் சாயும் எழுத்து. *கி.மு.* அடுத்ததில் *கி.பி.* மற்ற இரண்டில் முதல் எழுத்து அழிந்து, *மு*வும் *பி*யும் மட்டும் மிஞ்சியிருந்தன.

சரித்திரம் பி.ஏ. படித்தவளுக்கு ஒரு கணம் அது வேறு எப்படியும் தெரியவில்லை.

ஷ்ரேயா எழுத்துக் கூட்டிப் படித்தாள். "கி.மு.ன்னா பி.சி. தானேம்மா? அப்பா என்ன, டயருக்கு ஹிஸ்டரி எழுதினாரா?"

"மு முன், பி பின். கி என்னன்னுதான் தெரியலை கண்ணு."

"கிழக்கு?"

"ஓடுற வண்டிக்கு ஏது கிழக்கு?"

"அப்போ கீழே?"

"நாலு சக்கரமும் கீழதானே சாமி இருக்குது."

ஷ்ரேயாவுக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். "ஜல்தி மேடம்" என்று அவசரப்படுத்தினான் மஹேந்தர். அடுத்த வண்டிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

எதிர் சந்துக்குள் ஒரு தண்ணீர் லாரி ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. அதன் உதவியாள் இடது பக்கமாக நடந்து, லாரியின் உடம்பில் தட்டித் தட்டி, "ஆனே தோ, ஆனே தோ" என்று வரச்சொல்லிக் கத்தினான். மேகலா அவன் கையையே பார்த்தாள்.

கிளீனர்.

ஜோதிலிங்கம் வேன் வாங்குவதற்கு முன்னால் பதினோரு வருஷம் நாமக்கல் லாரி ஓட்டியவர். அவருக்கு வலது, இடது என்பதே கிடையாது. டிரைவர் சைடு, கிளீனர் சைடு. வேன் வாங்கிய புதிதில் அவளை இடது பக்கம் உட்கார வைத்துக்கொண்டு, "ஏ புள்ள, கிளீனர் சைடு பாத்துச் சொல்லு" என்பார். அவளும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, வாங்க, வாங்க, போதுமுங்க என்பாள். ஒரு நாள் மோதி பாக் ஏரியாவில் ஒரு கல்யாண வரவேற்பு. நாலு பேர் நடுவில் அவளைக் காட்டி, "இவங்க என்ற கிளீனருங்க" என்று சொல்லிவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் அவள் கத்தினாள். "நானென்ன உங்களுக்குக் கிளீனருங்களா? பி.ஏ. படிச்சவ. உங்க லாரிப் பேச்சை லாரியோட வெச்சுக்கோங்க." இரண்டு நாள் பேசவில்லை. அதற்கப்புறம் அவர் வாயில் அந்தச் சொல் வரவே இல்லை. "உன்ற பக்கம் பாரு" என்றுதான் சொல்வார். எட்டு வருஷமாக.

இந்தச் சென்சார்கள் போட்டு இரண்டு வருஷம்தான் ஆகிறது.

அவள் கண் படவே படாது என்று டயருக்குள் எழுதி வைத்திருக்கிறார். அவள் மனம் நோகும் என்று வாயை மூடியவர், மனசுக்குள் மாற்றிக்கொள்ளவே இல்லை. கோபப்படலாமா என்று பார்த்தாள். வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே.

"திருட்டு மனுசன்" என்றாள்.

"க்யா ஹுவா மேடம்?"

"ஒண்ணுமில்லை. இந்த ரெண்டும் இடது பக்கம். இது முன்னாடி, இது பின்னாடி. மத்தது ரெண்டும் வலது, அதுலயும் இது முன்னாடி, இது பின்னாடி."

"பக்கா?"

"பக்கா."

மஹேந்தர் வால்வுக்குப் புது ரப்பர் போட்டு, ஒவ்வொரு சென்சாரையும் புது ரிம்மில் முறுக்கி, டயர் ஏற்றிக் காற்றடித்தான். முடிந்தபோது மணி மூன்றே கால். பெட்டியில் நான்கு இடத்திலும் வெறும் கோடுதான் இருந்தது. மேகலா பெட்டியைத் தட்டிப் பார்த்தாள். வண்டி ஓடினால்தான் முழிக்கும் என்றான் அவன். அவளே ஓட்டினாள். ஜோதிலிங்கம் கற்றுக்கொடுத்து லைசன்ஸும் எடுக்க வைத்திருந்தார். இரண்டாவது சிக்னல் தாண்டி எண்கள் ஒவ்வொன்றாக வந்தன.

ஒப்பந்தக்காரரின் ஆபீஸ் வாசலில் கையில் டேப்லெட்டோடு ஒரு ஆள் நின்றான். முன் இடது டயரில் வால்வை அழுத்திக் காற்றை இறக்கிவிட்டு, கதவு வழியாகத் தலையை நுழைத்துப் பெட்டியைப் பார்த்தான். முப்பத்து மூன்று, முப்பத்து ஒன்று, இருபத்தெட்டு. முன் இடதுதான்.

"டீக் ஹை, சரியா இருக்கு" என்றான். பார்த்தது மொத்தம் பத்து வினாடி இருக்காது. "காத்து அடிச்சிக்குங்க. நாளைக்குக் காலை ஷிப்ட் இருக்கு. டிரைவர் யாரு? இதுல இன்னும் பழைய பேரே இருக்குதே, ஜோதி... ஜோதிலிங்..."

ஷ்ரேயா அம்மாவைப் பார்த்தாள்.

"அதை எடுத்துடுங்க" என்றாள் மேகலா. "நான்தான்."

"நீங்களா? பேரு?"

"மேகலா."

"மேக்லா" என்று சொல்லிக்கொண்டே அவன் தட்டினான். அவள் திருத்தவில்லை. காற்று அடிக்க வண்டியைக் கிளப்பினாள்.